முதலாண்டுப் பொருளியல்: சீனியர் சொல்வதில் எதை நம்புவது?

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்துவிட்டால், புதிதாகச் சேரும் பிள்ளைகள் சீனியர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "அந்தப் பொருளியல் பாடம் எப்படி?" பதில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். "ஈசிதான்டா, ஜேசியில படிச்சதுதான் திரும்ப வருது" என்பார் ஓர் அண்ணன் (ஜேசி என்பது தொடக்கக் கல்லூரி). "வேணாம் தம்பி, பெல் கர்வ்ல மாட்டிக்குவ" என்பார் ஓர் அக்கா. இருவரும் ஒரே பருவத்தில், ஒரே விரிவுரையாளரிடம் படித்து, ஒரே வினாத்தாளை எழுதியவர்களாக இருப்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

நூற்றுக்கணக்கானோர் படிக்கும் ஓர் அறிமுகப் பாடத்தைப் பற்றி மாணவர் கருத்துகள் ஏன் இப்படிப் பிளவுபடுகின்றன, அவற்றில் எது தகவல், எது வெறும் மனநிலை என்பதைப் பிரித்துப் பார்க்கலாம்.

பாடத்தின் அமைப்பு

அறிமுகப் பொருளியலுக்கு இரண்டு பாகங்கள் உண்டு. தனி ஆளும் குடும்பமும் நிறுவனமும் எப்படி முடிவெடுக்கின்றன, சந்தையில் விலை எப்படி அமைகிறது என்று பார்ப்பது நுண்பொருளியல். நாட்டின் மொத்த உற்பத்தி, வேலையின்மை, பணவீக்கம், வட்டி, நாணய மதிப்பு ஆகியவற்றைப் பார்ப்பது பேரியல் பொருளியல். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஈசி1101ஈ இரண்டையும் ஒரே பாடத்துக்குள் அடக்குகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் பொருளியல் மாணவர்களுக்கு இரண்டையும் தனித்தனிப் பாடங்களாக வைத்திருக்கிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமோ மண்டப விரிவுரையைத் தவிர்த்து, ஏறத்தாழ 45 பேர் உட்காரும் வகுப்பறையில் கலந்துரையாடலாகப் பாடம் நடத்தும் வழக்கம் உடையது. ஆகவே "யூனியில பொருளியல் கஷ்டம்" என்று யாராவது சொன்னால், எந்த யூனி என்று கேட்காமல் அதற்கு மேல் பேசிப் பயனில்லை.

பெரிய வகுப்பு ஏன் பெரிதாகிறது என்பதற்குப் பொருளியலே விடை சொல்லும். 100 பேருக்கு விரிவுரை தயாரித்தாலும் 600 பேருக்குத் தயாரித்தாலும் பேராசிரியரின் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் கூடக்கூடத் தலைக்கு விழும் செலவு குறையும். ஆனால் சந்தேகம் கேட்பதற்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்காகவே டுட்டோரியல் எனப்படும் சிறு பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. இவற்றைப் பெரும்பாலும் முதுநிலை ஆராய்ச்சி மாணவர்களோ பகுதிநேர ஆசிரியர்களோ நடத்துவார்கள்.

இதனால் "பாடம்" என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் மூன்று பொருள்களின் கட்டு: மண்டபத்தில் கேட்கும் விரிவுரை, டுட்டோரியல் அறை, தேர்வு. விரிவுரை எல்லாருக்கும் பொது. டுட்டோரியல் ஆசிரியர் மட்டும் குழுவுக்குக் குழு மாறுவார். உலகிலேயே அதிகம் பேசப்பட்ட அறிமுகப் பொருளியல் பாடமான ஹார்வர்டின் எக்10-இலும் இதே கதைதான். பாடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் மேடையில் நின்ற பேராசிரியர். வாரந்தோறும் பாடத்தை நடத்தியவர்களோ பெரும்பாலும் சிறு பிரிவுகளின் ஆசிரியர்கள். "அந்த கோர்ஸ் மோசம்" என்ற வாக்கியத்துக்குள் பல நேரம் ஒளிந்திருப்பது "என் டுட்டோரியல் ஆசிரியர் சரியில்லை" என்பதே.

ஒரே மண்டபத்தில் மூன்று கூட்டம்

எனக்குத் தெரிந்தவரை மிக அதிகமான குழப்பம் பிறக்கும் இடம் இதுதான். சிங்கப்பூரில் இந்தப் பாடத்துக்கு வருபவர்களை இப்படிப் பிரிக்கலாம்:

1. தொடக்கக் கல்லூரியில் எச்2 பொருளியல் (ஏ நிலைத் தேர்வுக்கான முழு அளவுப் பாடம்) படித்தவர்கள். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, சந்தைத் தோல்வி, அரசாங்கத் தலையீடு எல்லாம் இவர்களுக்குப் பழகியவை. கட்டுரை வடிவில் விடை எழுதிப் பழகிய கை. கணக்கும் வரைபடமும் கூடுதலாக வரும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

2. பொருளியலை முதல் முறையாகப் பார்ப்பவர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியலோ ஊடகமோ படித்துவிட்டு வந்தவர்கள், தொடக்கக் கல்லூரியில் அறிவியல் பிரிவில் பொருளியல் எடுக்காதவர்கள். கணக்கில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். "மற்றவை மாறாமல் இருக்கும்போது" என்ற சிந்தனை முறைதான் புதிது.

3. கட்டாயத்துக்காகவோ, இடம் கிடைத்தது என்பதற்காகவோ வந்தவர்கள். இவர்களுக்குத் தேவை ஒரு நல்ல தரம், அல்லது தேறினால் போதும் என்ற நிம்மதி.

இதற்கு மேல் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. ஆண் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேசிய சேவையை முடித்துவிட்டு வருகிறார்கள். எச்2 படித்திருந்தாலும் இரண்டு ஆண்டு இடைவெளி, வகைக்கெழு மறந்துபோயிருக்கும். அதே எச்2 முடித்து நேராக வந்த பெண்ணுக்குப் பாடம் இன்னும் நாக்கின் நுனியில் இருக்கும்.

டேக்கா உணவங்காடியில் ஒரே சட்டியிலிருந்து எடுத்துப் போட்ட மீன் தலைக் கறியை ஒருவர் உறைப்பே இல்லை என்பார், அடுத்த மேசைக்காரர் கண்ணீர் விடுவார். கறியின் காரத்தைப் பற்றி இருவரும் சொன்னதன் சராசரி எதையும் சொல்லாது. யார் சொன்னார் என்று தெரிந்தால்தான் அது தகவல்.

பெல் கர்வ் பயம்

பெல் கர்வ் என்பது மாணவரின் தரத்தை அவர் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மற்றவர்கள் வாங்கியதோடு ஒப்பிட்டுச் சீரமைக்கும் முறைக்கு இங்குள்ள பேச்சு வழக்கு. 70 வாங்கினால் ஏ என்று முன்கூட்டியே உறுதி இருக்காது. வகுப்பில் பெரும்பாலோர் 80 வாங்கியிருந்தால் 70 கீழே போகும். வினாத்தாள் கடினமாகி எல்லாரும் 50-இல் நின்றால் அதே 70 உச்சிக்குப் போகும்.

இங்கிருந்து இரண்டு விளைவுகள் கிளைக்கின்றன. ஒன்று, வினாத்தாள் எளிது என்பது நல்ல செய்தி அல்ல. எளிதான தாளில் எல்லாரும் நெருக்கமாக நிற்பார்கள். கவனக்குறைவில் விட்ட இரண்டு கேள்விகள் தரத்தையே மாற்றும். பன்முகத் தெரிவு வினாக்கள் நிறைந்த தாளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "பாடம் ஈசி, ஆனா கிரேடு வரல" என்ற விநோதமான புலம்பல் இதனால்தான் எழுகிறது.

மற்றொன்று, முதல் கூட்டம் மண்டபத்தில் இருப்பதே இரண்டாம் கூட்டத்தின் தரத்தைப் பாதிக்கிறது. இரண்டாமவர் பாடத்தைப் பற்றிக் குறை சொல்லும்போது அவர் உண்மையில் குறை சொல்வது பக்கத்து இருக்கையை. பாடத்திட்டத்தையோ பேராசிரியரையோ மாற்றினாலும் அந்தக் குறை தீராது.

தேசியப் பல்கலைக்கழகம் 2014-இல் முதல் பருவத்துக்கும், 2016-இல் முதலாண்டு முழுவதற்கும் விரிவுபடுத்திய எஸ்யூ வசதி இந்த வலியைக் குறைத்தது. தரம் வெளியான பிறகு, குறிப்பிட்ட பாடங்களுக்கு அதைச் சராசரியில் சேர்க்காமல், தேறியதாகவோ தேறாததாகவோ மட்டும் பதிவு செய்யச் சொல்லலாம். நோக்கம், பிள்ளைகள் பயமில்லாமல் புதிய துறைகளை முயன்று பார்க்க வேண்டும் என்பது. ஆனால் அது கருத்துகளையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. எஸ்யூ போட்டு நகர்ந்தவருக்கு இது "பரவாயில்லாத" பாடம். பொருளியலையே முதன்மைத் துறையாக எடுக்க நினைத்து, நல்ல தரம் வேண்டும் என்று உட்கார்ந்தவருக்கு அதே பாடம் வாழ்வா சாவா போட்டி. இருவரையும் ஒரே தராசில் வைப்பது எப்படி?

கருத்துப் படிவத்தின் எண்கள்

வாய்வழிக் கருத்தைத் தவிர, பல்கலைக்கழகமே ஒவ்வொரு பருவத்திலும் மாணவரிடம் படிவம் தந்து, 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்கிறது. எண் என்றதும் நமக்கு நம்பிக்கை வந்துவிடும். அங்கேயும் மூன்று ஓட்டைகள் உண்டு.

முதலாவது சராசரி. 180 பேர் பதில் தந்ததாக வைத்துக்கொள்வோம். 180 பேருமே 4 போட்டால் சராசரி 4.0. பாதிப் பேர் 5, பாதிப் பேர் 3 போட்டாலும் 4.0 தான். முதல் வகுப்பில் எல்லாருக்கும் ஓரளவு பிடித்திருக்கிறது. இரண்டாவதில் பாதிப் பேரை ஆசிரியர் தொலைத்துவிட்டார். அறிக்கையில் இரண்டும் ஒன்றே. பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் ஃபிலிப் ஸ்டார்க் 2014-இல் ரிச்சர்ட் ஃப்ரைஷ்டாட்டோடு எழுதிய கட்டுரையில் இதையே வலியுறுத்தினார்: இந்த எண்கள் வரிசையைக் குறிக்கும் பெயர்கள் மட்டுமே, அவற்றைக் கூட்டி வகுப்பதில் பொருளில்லை, விடைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பதில் தராதவர்கள். 600 பேரில் 180 பேர் நிரப்பினால் மீதி 420 பேரின் மனம் தெரியாது. மிகவும் பிடித்தவர்களும் மிகவும் எரிச்சலடைந்தவர்களும்தான் முந்திக்கொண்டு நிரப்புவார்கள் என்பது ஊகிக்கக்கூடியது. பாதியிலேயே பாடத்தைக் கைவிட்டவர்களோ கணக்கிலேயே வருவதில்லை.

மூன்றாவது, காலம். படிவம் பொதுவாக இறுதித் தேர்வுக்கு முன்பே நிரப்பப்படுகிறது. சீனியர் உங்களிடம் பேசுவதோ தரம் வெளியான பிறகு. நவம்பரில் "நல்ல விரிவுரை" என்று எழுதிய அதே கை ஜனவரியில் "எடுக்காதே" என்று சொல்லும். நடுவில் மாறியது விரிவுரை அல்ல.

பிடித்ததும் கற்றதும்

படிவத்தில் உயர்ந்த எண் வாங்கும் ஆசிரியரிடம் மாணவர் அதிகம் கற்கிறாரா? இதைச் சோதிப்பது கடினம். ஏனென்றால் பொதுவாக மாணவர்தான் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிறார்; நல்ல மாணவர் நல்ல ஆசிரியரிடம் போனால் யாரால் யார் உயர்ந்தார் என்று பிரிக்க முடியாது. குலுக்கல் முறையில் மாணவரை ஆசிரியரிடம் ஒப்படைத்த இடங்களில் மட்டுமே சுத்தமான விடை கிடைக்கும். அப்படி இரண்டு இடங்கள் கிடைத்தன.

அமெரிக்க விமானப்படை அகாடமியில் எல்லாரும் ஒரே அடிப்படைப் பாடங்களைப் படிக்க வேண்டும், பிரிவுகள் குலுக்கல் முறையில் அமைகின்றன, தேர்வும் பொது. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நடப்புப் பாடத்தில் மாணவரின் மதிப்பெண்ணை உயர்த்திய ஆசிரியர்கள் படிவத்திலும் நல்ல பெயர் வாங்கினார்கள். ஆனால் அதே மாணவர்கள் அடுத்த நிலைப் பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். இத்தாலியின் மிலான் நகரிலுள்ள பொக்கோனி பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வும் இதையொத்த முடிவுக்கே வந்தது. பின்னாளில் கைகொடுத்த ஆசிரியர், அப்போதைக்குக் குறைவான மதிப்பீடு வாங்கியவர். தேர்வுக்கு மட்டும் தயார் செய்பவர் மாணவருக்கு இனிமையானவர். யோசிக்க வைப்பவர் வேலை வாங்குகிறார், அதனால் கசக்கிறார் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அந்த மிலான் ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு: வானிலை மோசமான நாள்களில் நிரப்பிய படிவங்களில் மதிப்பீடு இறங்கியது. நம் ஊரில் முதல் பருவத்துப் படிவம் வருவது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நவம்பரில். பேராசிரியர்கள் பாவம்.

2019-இல் ஹார்வர்டின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் செய்த சோதனை வேறு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. மாணவர் தாமே கணக்குப் போட்டு விவாதித்த வகுப்பில் கற்றது அதிகம். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களோ தாங்கள்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். விரிவுரை வழுக்கிக்கொண்டு போவதால் புரிந்ததுபோல் தோன்றுகிறது. வரைபடங்கள் நிறைந்த பொருளியலுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அடுத்தவர் வளைகோட்டை நகர்த்தும்போது எல்லாம் தெளிவாக இருக்கும். வெள்ளைத் தாளில் நாமே வரையும்போதுதான் எந்தக் கோடு, எந்தப் பக்கம் என்று கை நிற்கும்.

"பாடம் நிஜ வாழ்க்கைக்கு ஒட்டவில்லை"

இதுவரை பார்த்தவை கற்பிக்கும் விதம், தரம் பற்றியவை. உள்ளடக்கத்தைப் பற்றிய குறை வேறு வகை. அதற்குப் பெயர் பெற்ற நிகழ்வு 2011 நவம்பர் 2 அன்று நடந்தது. ஹார்வர்டின் எக்10 வகுப்பிலிருந்து ஏறத்தாழ 70 மாணவர் வெளிநடப்புச் செய்தார்கள். பாடம் ஒரே சிந்தனைப் பள்ளியின் பக்கம் சாய்கிறது, ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்துகிறது என்பது பேராசிரியர் கிரெகரி மேன்கியூவுக்கு அவர்கள் எழுதிய கடிதத்தின் சாரம். அன்றைய விரிவுரையின் தலைப்பே வருமான ஏற்றத்தாழ்வுதான் என்பதை மேன்கியூ பிறகு சுட்டிக்காட்டினார். வெளியேறியவர்கள் வகுப்பில் சிறுபான்மை. ஆனால் அதே மனநிலை பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவரிடமும் எழுந்தது. 2008 நிதி நெருக்கடியை விளக்காத பொருளியல் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. 2013-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வெண்டி கார்லின் தலைமையில் தொடங்கிய கோர் திட்டம், ஏற்றத்தாழ்வு, சுற்றுச்சூழல் போன்றவற்றை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, இலவச இணையப் பாடநூலை வெளியிட்டது. மாணவரின் குறை பாடத்தையே மாற்றிய அரிய உதாரணம் இது.

சிங்கப்பூரில் இந்தக் குறை வேறு முகத்தோடு வரும். அரசியல் சாய்வு பற்றிய புகாரைவிட, "புத்தகம் அமெரிக்காவுக்கு எழுதியது" என்ற முணுமுணுப்புதான் இங்கு பொருத்தமானது. மூன்று இடங்களில் இது நிஜமாகவே உறுத்தும்.

1. பணக் கொள்கை. அமெரிக்கப் பாடநூலில் மத்திய வங்கி வட்டி விகிதத்தை ஏற்றி இறக்கிப் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும். சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் அப்படிச் செய்வதில்லை. முக்கிய வர்த்தகக் கூட்டாளிகளின் நாணயங்கள் அடங்கிய தொகுப்புக்கு எதிராகச் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பை ஒரு வரம்புக்குள் நகரவிட்டு, அந்த வரம்பின் சாய்வையும் அகலத்தையும் மையத்தையும் மாற்றுகிறது. காரணம் எளிது: அரிசி, எண்ணெய், காய்கறி என்று கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதி; ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்தால் நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. வெள்ளி வலுத்தால் கடையில் விலையேற்றம் தணியும். மூலதனம் தடையின்றிப் பாயும் நாடு நாணய மதிப்பைக் கையில் பிடித்தால் வட்டியைத் தானே தீர்மானிப்பதை விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லாமல் வட்டி விகித வரைபடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர், வீட்டுக் கடன் வட்டி ஏன் அமெரிக்காவைப் பார்த்து ஆடுகிறது என்று விழிப்பார்.

2. குறைந்தபட்சச் சம்பளம். பாடநூல் இதை விலைக்கு அடித்தளம் போடும், அதாவது அதற்குக் கீழே இறங்கவிடாத, சட்டத்தின் உதாரணமாகத் தரும். சிங்கப்பூரில் எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரே குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் திறனோடு சேர்ந்து படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது.

3. அளிப்பு வளைகோடு. பாடநூல் கோதுமையையும் ஐஸ்கிரீமையும் வைத்து வரையும். 1990 முதல் இங்கு நடக்கும், கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் ஏலமோ செங்குத்தான அளிப்புக் கோட்டுக்குக் கண்முன் உள்ள சான்று. எண்ணிக்கை முன்கூட்டியே முடிவாகிவிடுவதால் தேவை கூடினால் விலை மட்டுமே ஏறும். 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது அப்படித்தான்.

இங்குள்ள ஆசிரியர்கள் இத்தகைய உதாரணங்களைச் சேர்க்கத்தான் செய்கிறார்கள். எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பது அந்தப் பருவத்தில் பாடம் நடத்துபவரைப் பொறுத்தது. சீனியரின் கருத்தில் நம்பத்தக்க பகுதி இதுதான், ஏனெனில் இது நடந்ததைப் பற்றிய விவரம். எந்த உதாரணம் வந்தது, தேர்வில் கணக்கு எவ்வளவு, கட்டுரை எவ்வளவு என்பதில் மனநிலை அதிகம் கலக்காது.

முதல் வாரத்துப் பாடமே புரிந்ததா?

பால் ஃபெராரோ, லாரா டெய்லர் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வின் கேள்வி இது. ஒரு பாடகரின் கச்சேரிக்கு உங்களுக்கு இலவச நுழைவுச்சீட்டு கிடைத்திருக்கிறது. அதை விற்க முடியாது. அதே இரவு இன்னொருவரின் கச்சேரி. அதுவே உங்களுடைய அடுத்த சிறந்த தெரிவு. அதன் சீட்டு 40 டாலர். அவரைக் கேட்க நீங்கள் 50 டாலர் வரை தரத் தயார். வேறு செலவில்லை. முதல் கச்சேரிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு எவ்வளவு: 0, 10, 40, 50?

வாய்ப்புச் செலவு என்பது ஒன்றைத் தேர்வதால் கைநழுவும் அடுத்த சிறந்த தெரிவின் நிகர மதிப்பு. 50 டாலர் இன்பத்துக்கு 40 டாலர் செலவாகியிருக்கும், நழுவியது 10. அமெரிக்கப் பொருளியலாளர் மாநாட்டில் கேட்கப்பட்ட 199 பேரில் இந்த விடையைச் சொன்னவர்கள் 21.6 விழுக்காடு மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்தாலே 25 விழுக்காடு சரியாகியிருக்கும். அறிமுகப் பாடத்தை முடித்த மாணவர்களோ இன்னும் கீழே, 7.4 விழுக்காடு. கேள்வியே தெளிவில்லாதது, வாய்ப்புச் செலவை வேறு விதமாகவும் கணக்கிடலாம் என்று பிறகு வாதிட்டவர்களும் உண்டு. எப்படியானாலும், முதல் வாரத்து அடிப்படையிலேயே இவ்வளவு ஆட்டம் இருந்தால், "எல்லாம் புரிஞ்சுது, நல்ல கோர்ஸ்" என்ற கருத்தை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது?

சீனியரிடம் என்ன கேட்கலாம்

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் தீர்ப்புதான் வரும். விவரம் வரவேண்டுமானால் கேள்வியை மாற்ற வேண்டும்:

1. எச்2 படித்தீர்களா, எத்தனை ஆண்டு இடைவெளி விட்டு வந்தீர்கள்? (உங்களோடு ஒத்தவரா என்று தெரியும்.)
2. எந்தப் பருவம், யார் விரிவுரை? போன ஆண்டு நடத்தியவர் இந்த ஆண்டு இல்லையென்றால் கருத்தின் பாதி காலாவதி.
3. டுட்டோரியலில் என்ன நடந்தது? விடைத்தாளை வாசித்தார்களா, உங்களைப் போட வைத்தார்களா?
4. தேர்வில் பன்முகத் தெரிவு எவ்வளவு, எழுத்து எவ்வளவு, இடைத்தேர்வுக்கு எத்தனை விழுக்காடு?
5. எஸ்யூ போட்டீர்களா? கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் மற்ற பதில்களையும் எப்படி எடுத்துக்கொள்வது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.
6. அதற்கு அடுத்த நிலைப் பொருளியல் பாடத்தை எடுத்தீர்களா? எடுத்திருந்தால், முதலாண்டில் கற்றதில் எது அங்கே கைகொடுத்தது, எதைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது? விமானப்படை அகாடமியில் ஆய்வாளர்கள் அளந்தது இதைத்தான். படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை.